கீழளத்து ஆண்களுக்கு வலித்த வருஷம்

கீழளத்தில் உப்பு மட்டும்தான் விளைந்தது. கடலிலிருந்து ரஸ்தா வரைக்கும் உப்பளத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் வெயிலில் கிடந்து வெளுக்கும், வெளுத்ததை வெளியூர்க் கூலிகள் வாரி வரப்பில் ஏற்றுவார்கள், வரப்பில் ஏறியதைக் கீழளத்துப் பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் வைத்து, வெடித்த பாதங்களோடு உப்புத் தண்ணீரில் இறங்கி நடந்து, அம்பாரத்தில் கொட்டிவிட்டுத் திரும்புவார்கள், மறுபடி அள்ளுவார்கள், மறுபடி நடப்பார்கள். கீழளத்து ஆண்களோ தோணி ஏறிக் கொழும்புக்குப் போனார்கள், கடை வைத்தார்கள், எடை போட்டார்கள், அளத்தைக் குத்தகைக்கு எடுத்தவருக்காகச் செருப்புப் போட்ட காலோடு வரப்பில் நின்று கங்காணி வேலை பார்த்தார்கள்.

அப்படி நின்ற கங்காணிகளில் ஒருவன் கொம்பையா. அவன் மனைவி சந்தனக்கனி அவன் நின்ற வரப்புக்குக் கீழேயே உப்பு சுமந்தாள்.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன, நாடு முழுக்க முதல் பெரிய தேர்தல் வரப்போகிறது என்றார்கள். மிஷன் பள்ளி எஸ்தர் டீச்சர்தான் சந்தனக்கனிக்கு அந்தக் கதையைச் சொன்னவள். முன்னே நிலம் இருக்கிற ஆம்பளைக்கு மட்டும் ஓட்டு இருந்ததையும், பட்டணத்துப் பெண்கள் மனு மனுவாகக் கொடுத்து, கூட்டம் போட்டு, சிரித்தவர்கள் முகத்துக்கு நேரே நின்று கேட்ட பிறகு சொத்துள்ள பொம்பளைக்கும், பிறகு சொத்துக்காரன் பெண்டாட்டிக்கும் ஓட்டுக் கொடுத்ததையும், இப்போது உப்பு சுமக்கிறவளுக்கும் உண்டு என்று சட்டமாகிவிட்டதையும் அவள் சொல்லக் கேட்டு, சந்தனக்கனி கூடையை இறக்கி வைத்தாள்.

"அப்ப எங் கையும் குத்தகைக்காரர் கையும் ஒரே எடையா டீச்சர்?"

"அந்த ஒரு நாளைக்கு" என்றாள் டீச்சர்.

அந்த ஒரு நாளுக்காகச் சந்தனக்கனி காத்திருந்தாள். அதனால்தான் வாக்காளர் பேர் எழுத வேதநாயகம் என்கிற குமாஸ்தா குடையோடு வாசலில் வந்து நின்றபோது, புருஷன் வாய் திறக்கும் முன்னே அவள் அடுப்படியிலிருந்து கத்தினாள்.

"சந்தனக்கனி! எழுதிக்கிடுங்கய்யா, சந்தனக்கனி!"

"உள்ள போ ஏட்டி" என்றான் கொம்பையா. குமாஸ்தாவிடம், "கொம்பையா பெண்டாட்டின்னு எழுதும்வே. பொம்பளை பேரத் தாள்ல ஏத்தித் தாலுகா கச்சேரிச் சுவத்துல ஒட்டுவீரு, போறவன் வாறவன்லாம் வாசிப்பான். எங்க ஊர்ல அது வழக்கமில்ல" என்றான்.

"அந்தம்மாவே சொல்றாங்களே."

"அவ சொன்னா ஆச்சா? வீட்டுக்காரன் நான் சொல்லுதேன்."

வேதநாயகத்துக்கு வெயில் தாங்கவில்லை, இன்னும் போக வேண்டிய தெருக்கள் இருந்தன, சொன்னபடி எழுதிக்கொண்டார். ஊர் முழுக்க அப்படியே எழுதினார். இன்னான் பெண்டாட்டி, இன்னான் தாயார், இன்னான் விதவை என்று எழுதி முடித்தபோது கீழளத்தில் பேருள்ள பெண் ஒருத்தியும் இல்லை.

சில மாதம் கழித்து அதே வேதநாயகம் அதே குடையோடு வந்தார். சொந்தப் பேர் இல்லாத பெண்களையெல்லாம் பட்டியலிலிருந்து அடித்துவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு என்றும், இப்போதாவது பேரைச் சொன்னால் ஓட்டுத் தப்பிக்கும் என்றும் ஊர்ச்சாவடியில் சொன்னார். ஆண்கள் கூடினார்கள். ஊர்த் தலைவர் நல்லபெருமாள், அறுபதைத் தொட்டவர், மூத்த மனைவி செத்து இளையவளைக் கட்டி அவள் நிறைமாசமாக இருந்த பெருமிதத்தில் இருந்தவர், எழுந்து நின்று பேசினார்.

"அடிச்சா அடிச்சிட்டுப் போகட்டும். வீட்டுக்கு ஒரு ஓட்டு போதும். அவ நம்மள்ல பாதி. நாம சாப்பிட்டா அவ சாப்பிட்ட மாதிரி, நாம ஓட்டுப் போட்டா அவ போட்ட மாதிரி. அவ உடம்பு வேற, நம்ம உடம்பு வேறயா? ஒரே உடம்புதானவே!"

சாவடிக்கு வெளியே, தலையில் கூடையோடு போய்க்கொண்டிருந்த சந்தனக்கனி நின்றாள். "எனக்கு வாய் தனியாத்தான இருக்கு அண்ணாச்சி? பேரும் தனியாத்தான இருக்கு?" என்றாள்.

நல்லபெருமாள் அவளைப் பார்க்கவில்லை. "ஏ கொம்பையா, உன் உடம்புல ஒரு துண்டு தனியா நின்னு பேசுதுவே" என்றார். சாவடி குலுங்கிச் சிரித்தது, கொம்பையாவும் சிரித்தான். வேதநாயகம் பேனாவைத் திறந்து, கீழளத்துப் பெண்களை ஒவ்வொருவராக அடித்தார்.

மறுநாள் காலை கொம்பையா காப்பிக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அவன் பாதங்கள் எரிய ஆரம்பித்தன. செருப்பைக் கழற்றிப் பார்த்தான், பாதம் வெண்ணெயாக இருந்தது, எரிச்சலோ வெடிப்புக்குள் உப்பை வைத்துத் தேய்த்த மாதிரி இருந்தது. பிறகு உச்சந்தலையில் ஒரு பாரம் இறங்கிப் பிடரியை நெரித்தது, இடுப்பு விட்டுப்போனது, அவன் பெஞ்சிலிருந்து சரிந்து மண்ணில் உட்கார்ந்தான். காப்பி ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரனோ அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தான், மாதாமாதம் தன் மனைவி பேச்சித்தாய்க்கு வருகிற வலி அது என்று அவனுக்குத் தெரியாது, கேட்டதுமில்லை. எடைக்காரன் தராசை விட்டான். சவரம் பண்ணிக்கொண்டிருந்தவன் கையிலிருந்து கத்தி நழுவியது. அதே நேரம் அளத்தில் பெண்கள் உப்புத் தண்ணீருக்குள் நடந்துகொண்டிருந்தார்கள், அன்றைக்குத் தண்ணீர் தண்ணீராக மட்டும் இருந்தது, கூடை கூடையாக மட்டும் இருந்தது, கல்யாணமாகாத பெண்களும் தாலியறுத்தவர்களும் மட்டும் எப்போதும் போல முனகிக்கொண்டு நடந்தார்கள்.

அன்று சாயங்காலம் தோணிக்கரையில் ஒருவன் குடித்துவிட்டு வந்து மனைவி கன்னத்தில் ஓங்கி அறைந்தான், அறைந்த மாத்திரத்தில் தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் உருண்டான். கோபம் தலைக்கேறி எழுந்து மறுபடி அறைந்தான், மறுபடி உருண்டான். அவள் நின்ற இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு கீழளத்தில் யாரும் மனைவியை அடிக்கவில்லை. அன்பு வந்து நிறுத்தியதாக யாரும் நினைத்துவிட வேண்டாம்.

இளையவளுக்குப் பேறுகாலம் வந்தபோது நல்லபெருமாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். முதல் வலியில் இலையைத் தள்ளிவிட்டுச் சாய்ந்தார், அடுத்ததில் கட்டிலின் சட்டத்தைக் கடித்தார், அதற்கடுத்ததில் ஊரே வாசலில் வந்து நின்றது. உள்ளே இளையவள் பாயில் உட்கார்ந்து, எப்போது முக்க வேண்டும் என்று தெரியாமல் பயந்து விழித்துக்கொண்டிருந்தாள். மருத்துவச்சி வாசல் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அய்யா, வலி வருதா? வந்தா சத்தம் கொடுங்க, அப்பத்தான் இவ முக்க முடியும்!"

"ஏ... செத்தேன்... செத்தேனே!"

"வந்திட்டு தாயீ, முக்கு. அய்யா, விட்டிட்டா? சொல்லுங்கய்யா, வெக்கப்படாதீங்க!"

அவர் அலறினார், அவள் முக்கினாள், அவர் ஓய்ந்தார், அவள் மூச்சு விட்டாள். பொழுது சாய்கிற வேளையில் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. நல்லபெருமாள் வியர்வையில் நனைந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், ஊர் ஆண்கள் ஒவ்வொருவராகப் போய் அவர் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார்கள், ஒருவர் சுக்குக் கஷாயம் அனுப்பினார், ஒருவர் உளுந்தங்களி கொண்டுவந்தார். பிள்ளை பெற்றவளை யாரும் விசாரிக்கவில்லை.

ஊர் அதைப் பழகிக்கொண்ட விதம் அதுதான். கோவில் பூசாரி திருநீறு போட்டார், அவருக்கே இடுப்பு வலித்துக்கொண்டிருந்ததால் மந்திரத்தைப் பாதியில் விட்டார். டவுன் டாக்டர் வந்து பார்த்துக் காற்று சரியில்லை என்றார். அதற்குமேல் ஏன் எதற்கு என்று யாரும் மெனக்கெடவில்லை, மழையோ பஞ்சமோ வந்தால் எப்படி ஏற்பாடு செய்துகொள்வார்களோ அப்படி ஏற்பாடு செய்துகொண்டார்கள். காப்பிக்கடையில் பெஞ்சை எடுத்துவிட்டுப் பாய் விரித்தார்கள். மாதத்தில் சில நாள் கடை திறக்காது என்று தட்டியில் எழுதி வைத்தார்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுக்க ஒரு ஆள் போட்டார்கள். கங்காணிகள் எல்லோரும் சேர்ந்து குத்தகைக்காரரின் பங்களாவுக்குப் போய், அளத்தில் வேலை செய்வது மனுஷனுக்கு ஆகிற காரியமில்லை என்று அழுதார்கள், அவரும் கேட்டுப் பதறிப்போய், பெண்கள் காலுக்குத் தேங்காயெண்ணெய் கொடுத்தார், ரப்பர் செருப்பு கொடுத்தார், நிழலுக்குக் கீற்றுப் பந்தல் போட்டார், பாதிக் கூடை சுமந்தால் போதும் என்றார். இதே எண்ணெயை, இதே பந்தலைப் பெண்கள் வருஷக்கணக்காகக் கேட்டபோது, கேட்டவளுக்கெல்லாம் அன்றைக்கு வேலை இல்லை என்று சொல்லி அனுப்பியவர் அவர்தான். ஆம்பளைக்கு வலித்த பிறகுதான் அது வலி என்று அவருக்குத் தெரிந்தது.

வீடுகளிலும் அப்படித்தான். கொம்பையா தன் கையால் சந்தனக்கனியின் பாதத்தில் எண்ணெய் போட்டான். அவள் முதலில் மலைத்துப்போய்த்தான் காலை நீட்டினாள், கல்யாணமான நாளாக அவன் அவள் காலைப் பார்த்ததில்லை.

"பாத்து நடக்க மாட்டியாட்டி? சிப்பி குத்தி எனக்கு உயிர் போகுது" என்றான் அவன்.

அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"இத்தன வருசமா இந்தக் காலோடதான் நான் நடந்தேன்னு இப்பத் தெரியுதா உங்களுக்கு?"

"தெரியுதே. அதான் சொல்லுதேன், பாத்து நட."

அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. ஊரில் ஒருவன்கூட மனைவியைப் பார்த்து, இதையா சுமந்தாய் என்று கேட்கவில்லை. எனக்கு எப்படி வலிக்கிறது பார் என்றே எல்லோரும் சொன்னார்கள். வலியே வந்து உடம்புக்குள் உட்கார்ந்து சொல்லியும் இவர்களுக்குப் புரியவில்லையே, இனி மனுவிலும் கூட்டத்திலும் சொல்லியா புரியப்போகிறது என்று சந்தனக்கனி நினைத்தாள், நினைக்க நினைக்க அவளுக்குள் ஒன்று கொதித்தது, அந்தக் கொதிப்பு மட்டும் கொம்பையாவுக்குப் போகவில்லை, அது அவளிடமே இருந்தது.

ஆனாலும் பெண்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். பேச்சித்தாய் குப்புறப் படுக்காமல் தூங்கினாள். உப்பு அம்பாரத்தடியில் பாட்டுக் கேட்டது. இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று பலபேர் நினைத்தார்கள், பிரமு சாகிற வரைக்கும்.

பிரமு சின்னப் பெண். அவள் புருஷன் தோணியில் கொழும்புக்குப் போயிருந்தான். ஒரு முற்பகலில் அவள் கூடையோடு வரப்பில் நடந்து வந்து, கொட்டிவிட்டு, பந்தல் நிழலில் உட்கார்ந்து பேச்சித்தாயிடம் எதையோ சொல்லிச் சிரித்தாள், சிரிக்கும்போதே இமை தானாக விழுந்தது, என்னமோ தூக்கமா வருது மதினி என்றாள், நாக்கு குழறியது, அப்படியே சாய்ந்தாள். செருப்பைக் கழற்றிப் பார்த்தபோதுதான் குதிகாலுக்கு மேலே பாம்பு கடித்த தடம் தெரிந்தது. எப்போது கடித்தது, எந்த வரப்பில் கடித்தது, எத்தனை நடை அதோடு நடந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கே தெரியவில்லை. மாட்டுவண்டியில் தூக்கிப் போட்டு டவுனுக்கு ஓட்டினார்கள், வண்டி ரஸ்தாவில் ஏறும்போதே மூச்சு நின்றுவிட்டது. பிற்பாடு தோணிக்காரர்கள் வந்து சொன்னார்கள், அன்றைக்குக் கொழும்புத் துறைமுகத்தில் அவள் புருஷன் குதிகாலைப் பிடித்துக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவே விழுந்து கத்தினானாம், சுற்றி நின்றவர்கள் அவன் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம், ஒரு கீறலும் இல்லையாம்.

பிரமுவை அடக்கம் பண்ணிவிட்டு வந்து பெண்கள் அம்பாரத்தடியில் உட்கார்ந்தார்கள். யாரும் பாடவில்லை.

"நம்ம வலி நமக்கு வேணும்" என்றாள் சந்தனக்கனி.

பேச்சித்தாய் திடுக்கிட்டாள். "எதுக்குக்கா? எனக்கு வயசுக்கு வந்த நாள்லருந்து வலி. இப்பத்தான் மனுசியாத் தூங்குதேன். அதத் திருப்பி வாங்கச் சொல்லுதியா?"

"பிரமுவுக்கு வலிச்சிருந்தா அவ கத்தியிருப்பா. கத்தியிருந்தா நாம கட்டுப் போட்டிருப்போம். அவ உசுரக் காக்க வேண்டிய வலி, கடலுக்கு அந்தாண்ட ஒருத்தங்கிட்டக் கெடந்து வீணாப் போச்சி."

"இங்க இருந்திருந்தா மட்டும் நமக்கு ஒரு நல்லது நடந்துச்சா?"

"நடக்கல. நம்ம கத்துனத யாரும் கேக்கல. அதுக்காகக் கத்துறதையும் அவங்க கையிலயே குடுத்திடவா? நாளைக்குப் பிள்ளைக்குக் குடுக்குற பால் கட்டி உம் மார் பழுத்தாலும் உனக்குத் தெரியாது பேச்சி, உம் புருசன்தான் வந்து சொல்லணும். அவன் கடையில இருந்தா? தோணியில இருந்தா?"

பேச்சித்தாய் அழுதாள். சந்தனக்கனி அவளைத் தேற்றவில்லை. பேச்சித்தாயே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பட்டியல்ல நம்ம பேரச் சொல்லி எழுதினா இது போயிருமா?" என்று கேட்டாள்.

"அவங்க ஒரே உடம்புன்னு சொன்னதுலருந்து வந்தது. ரெண்டுன்னு எழுதினாப் போகும்."

மறுநாள் சந்தனக்கனி சாவடிக்குள் நுழைந்து, பாய்களில் முனகிக் கிடந்த ஆண்களுக்கு நடுவே நின்று அதையே சொன்னாள். நல்லபெருமாள் சுவரைப் பிடித்து எழுந்தார்.

"இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானட்டி!"

"மொதல்லயே சொன்னேன் அண்ணாச்சி. வாய் தனியா இருக்குன்னேன், பேரு தனியா இருக்குன்னேன். சிரிச்சீங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஆண்களே வண்டி கட்டினார்கள், ஆண்களே மனைவிமாரைக் கைபிடித்து ஏற்றினார்கள், அடித்த பேரைத் திரும்பச் சேர்ப்பதற்கான கெடு முடியப்போகிறது என்று மாட்டை அடித்து ஓட்டினார்கள், தாலுகா கச்சேரி வாசலில் நின்று பொம்பளைகளுக்கு ஓட்டுக் கொடு, ஓட்டுக் கொடு என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். டவுன்காரர்கள் கூடி நின்று, இந்த ஊர் ஆம்பளைகளுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு என்று வியந்தார்கள். ஒருவர் மாலை வாங்கி வந்து நல்லபெருமாள் கழுத்தில் போட்டார். வண்டியில் உட்கார்ந்து அதைப் பார்த்த சந்தனக்கனி, யார் கையையும் பிடிக்காமல் தானே இறங்கிக் கச்சேரிக்குள் நடந்தாள்.

வேதநாயகம் மேஜைக்குப் பின்னால் இருந்தார். நல்லபெருமாள் முந்திக்கொண்டு பேர்களைச் சொல்லப் போனார்.

"அவங்கவங்க வாயால சொல்லணும்" என்றார் வேதநாயகம்.

சந்தனக்கனி முன்னே போய் நின்றாள். "சந்தனக்கனி" என்றாள்.

சொன்ன மாத்திரத்தில் எல்லாம் வந்தது. பாதம் எரிந்தது, பிடரி நெரிந்தது, இடுப்பு விட்டது, ஒத்திவைத்திருந்தது அத்தனையும் ஒரேயடியாக வந்து ஏறியதுபோல மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் கொம்பையா முதுகை நிமிர்த்தி நெட்டி முறித்து, அப்பாடா என்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "வீட்டுக்காரர் பேரு இதுல வேண்டாம்னு நான் சொல்லல. எம் பேரு மேல இருக்கட்டும்" என்று குமாஸ்தாவிடம் சொன்னாள். அவர் எழுதினார். அவளுக்குப் பின்னால் பேச்சித்தாய் வந்தாள், பேரைச் சொன்னாள், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், குனிந்தபடியே, "நல்லா எழுதுங்கய்யா, அழியாம எழுதுங்க" என்றாள். ஒருத்தி பின் ஒருத்தியாகப் பேர் சொன்னார்கள், முனகினார்கள், நகர்ந்து நின்றார்கள்.

ஆண்கள் வலி போன கால்களோடு ஊருக்கு நடந்தே திரும்பினார்கள், வழியெல்லாம் கும்மாளம். அந்த வாரமே தேங்காயெண்ணெய் நின்றது. அடுத்து பந்தலைப் பிரித்தார்கள். கூடை மறுபடி முழுக் கூடையானது. ரப்பர் செருப்புகளைத் திருப்பிக் கேட்டு வாங்கிக் கொட்டடியில் போட்டார்கள். பேச்சித்தாய் போய்க் கேட்டதற்கு, "இப்ப யாருக்கு வலிக்குது?" என்று குத்தகைக்காரர் கேட்டார். அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அவர்தான் அந்தத் தேர்தலில் நின்றார்.

நல்லபெருமாள் சாவடியில் கூட்டம் போட்டு, பெண்டாட்டிமாருக்கு ஓட்டு வாங்கிக் கொடுத்ததே நாம்தான், அது குத்தகைக்காரருக்குத்தான் விழ வேண்டும், அவர் சின்னம் ஒட்டிய பெட்டி எது என்று வீட்டில் சொல்லிக் கொடுங்கள் என்றார். கொம்பையாவும் சொல்லிக் கொடுத்தான். சந்தனக்கனி சோறு வடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். தேர்தலன்று காலையில் பெண்கள் குளித்து, உலர்ந்த சேலை உடுத்தி, எரிகிற பாதங்களோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள். மறைப்புத் துணிக்குப் பின்னால் ஒவ்வொருத்தியும் தனியாகப் போனாள். கல்யாணமான நாளாக ஒரு அறைக்குள், யாரும் கூப்பிடாமல், யாரும் பார்க்காமல் தனியாக நின்றது அதுதான் முதல் தடவை என்று பேச்சித்தாய் பிறகு சொன்னாள். வெளியே வரும்போது ஒருத்தி முகத்தையும் பார்த்து எதையும் சொல்ல முடியவில்லை.

குத்தகைக்காரர் தோற்றார்.

சேதி வந்த மத்தியானம் கொம்பையா வீட்டுக்கு வந்தான். குத்தகைக்காரரின் கோபத்தில் கங்காணி வேலை போகப்போகிறது என்று யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள். சந்தனக்கனி முற்றத்தில் உட்கார்ந்து காலில் அப்பியிருந்த உப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்றார்கள்.

"எதுல போட்ட?"

"அது எனக்கும் அந்தப் பெட்டிக்கும் உள்ளது."

"ஏட்டி, கேக்கேன்ல. எதுல போட்ட?"

"சொல்ல மாட்டேன்."

கொம்பையா கையை ஓங்கினான். ஓங்கிய கை நடுவில் நின்றது. அவள் அவன் கண்ணைப் பார்த்தாள், அந்தக் கண்ணில் பயம் இருந்தது, ஒரு கணம் அது தனக்காகவோ என்று நினைத்தாள், பிறகு அவன் தன்னையறியாமல் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்ததைக் கண்டாள். அப்போது அவனுக்கும் நினைவு வந்தது, பேர் சொன்னதும் எழுதியதும் இனி தன் கன்னத்துக்கு ஒன்றும் ஆகாது என்பதும் நினைவு வந்தது, முகம் தெளிந்தது, அறைந்தான்.

அவளுக்கு வலித்தது. முழுசாக, அவளுக்கு மட்டும் வலித்தது. காதுக்குள் இரைந்தது. ஈரக் கையை ஊன்றி எழுந்து நின்றாள், எழுந்த வேகத்திலேயே, உப்பு சுமந்து உரமேறிய அந்தக் கையால் அவன் கன்னத்தில் திருப்பி அறைந்தாள். அவன் சுவரில் போய் முட்டி உட்கார்ந்தான்.

"இது உமக்கு" என்றாள். எப்போதும் உங்களுக்கு என்கிறவள் புருஷனை உமக்கு என்று சொன்னது அன்றுதான் முதல் தடவை. குனிந்து மற்றக் காலைக் கழுவ ஆரம்பித்தாள்.

கீழளத்தில் இன்றைக்கும் வயசானவர்கள் உண்டு. ஆண்களுக்கு வலித்த வருஷத்தைப் பற்றிக் கேட்டால், ஆமா, அப்படி ஒண்ணு இருந்தது, நல்லபெருமாள் பிள்ளைவலி கூடக் கண்டார் என்று, ஒரு வருஷம் கொள்ளைநோய் வந்ததைச் சொல்வதுபோல வெற்றிலை மென்றுகொண்டே சொல்வார்கள். கொம்பையா வீட்டு முற்றத்தில் நடந்ததைச் சொல்ல வரும்போதுதான் குரலைத் தாழ்த்துவார்கள், அக்கம்பக்கம் பார்ப்பார்கள், நம்பவே முடியாத ஒன்று இந்த ஊரில் நடந்தது என்று ஆரம்பிப்பார்கள்.